தீயணைப்பு நிலையத்துக்குச் சால்வையோடு போகும்முன்

ஏப்ரல் 14 நமக்குச் சித்திரை முதல் நாள். அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். தீயணைப்புத் துறையினருக்கு அது தீத்தொண்டு நாள். 1944-ல் அதே தேதியில் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பலில் பஞ்சுப் பொதிகள் பற்றிக்கொண்டன. அந்தக் கப்பலிலேயே சுமார் 1,400 டன் வெடிபொருளும் இருந்தது. தீயோடு போராடிக்கொண்டிருந்த 66 தீயணைப்பு வீரர்கள் வெடிப்பில் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடு முழுவதும் தீத்தொண்டு வாரம். காலையில் நிலையத்தில் நீத்தாருக்கு அஞ்சலி. பிறகு பள்ளி, மருத்துவமனை, சந்தை என்று செயல்விளக்கம். அந்த ஒரு வாரமும் தீயணைப்பு வீரர்கள்தான் நம்மைத் தேடி வருகிறார்கள். நாம் அவர்களைத் தேடிப் போவது எப்படி என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. ஊர்ச் சங்கமோ, வணிகர் சங்கமோ, பழைய மாணவர் குழுவோ, தஞ்சை வட்டாரத்தில் யார் முன்வந்தாலும் இந்த வரிசையில் செய்யலாம்.

முதலில் நிலையத்துக்குப் போய் நிலைய அலுவலரைப் பாருங்கள். இரண்டு, மூன்று வாரம் முன்னதாகப் போவது நல்லது. சீருடைப் பணியாளரும் அரசு ஊழியர்தான். 1973-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்தும். பாராட்டு விழாவையும் பரிசையும் தம் விருப்பத்துக்கு ஏற்றுக்கொள்ள அவர்களால் முடியாது. மேலிடத்து அனுமதி வேண்டும். எனவே துறையின் மாவட்ட அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, நிகழ்ச்சி என்ன, எங்கே, என்ன தரப்போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பணம், தங்கக் காசு, விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். அன்போடு கொடுப்பதுதான் என்றாலும் வாங்குபவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும். சால்வை, புத்தகம், பாராட்டுப் பத்திரம், எல்லோருக்கும் ஒரு நல்ல சாப்பாடு ஆகியவை போதும். ஏப்ரல் 14 அரசு விடுமுறை. பிள்ளைகளை அழைத்துவர வேண்டுமென்றால் தேர்வு அட்டவணையைப் பார்த்து, அந்த வாரத்திலேயே வேறொரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விவரம் சேர்ப்பது. இந்த வேலைக்குத்தான் அதிக நாள் பிடிக்கும், மொத்த மரியாதையும் இதில்தான் இருக்கிறது. நிலையத்தில் ஒவ்வோர் அழைப்பும் பதிவாகியிருக்கும். ஆனால் அது அலுவல் மொழியில் இரண்டு வரி. உங்கள் சுற்றுவட்டாரத்தில் கடந்த ஓராண்டில் யார் வீட்டுக்கு வண்டி வந்தது என்று விசாரித்து, அந்த வீட்டாரிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள், எந்த வழியாக வந்தார்கள், யார் முதலில் இறங்கினார், எவ்வளவு நேரம் இருந்தார்கள், கிளம்பும்போது என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்பதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்கக் கேட்கத்தான் டெல்டாவில் இவர்கள் வேலை எத்தனை வகை என்பது புரியும். கல்லணைக் கால்வாயில், அதாவது நம் புது ஆற்றில், குளிக்க இறங்கிய பிள்ளையைத் தேடி முழுகுவார்கள். கொள்ளிடத்தில் சுழலில் சிக்கியவரைத் தேடுவார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுந்த மாட்டுக்கு வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டி மேலே தூக்குவார்கள். வீட்டுக்குள் புகுந்த நல்ல பாம்பைப் பிடிப்பார்கள். பனைமரத்தில் கதண்டு கூடு கட்டி, வயலுக்குப் போகிறவர்களைக் கொட்டத் தொடங்கினால் இருட்டிய பிறகு வந்து அழிப்பதும் இவர்களே. கதண்டு கொட்டி உயிர் போனதுண்டு என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது சாலையில் கிடந்த மரங்களை அறுத்து வழிவிட்ட கைகளில் இவர்கள் கைகளும் உண்டு.

வைக்கோல் போர் எரிந்த கதையைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள். வெளியே நின்று பார்ப்பவருக்குத் தண்ணீர் பீய்ச்சியதும் தீ அடங்கிவிட்டது போலத் தெரியும். அடங்கியிருக்காது. நெருப்பு போரின் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். கொக்கியும் கம்பும் கொண்டு வைக்கோலைப் பிடிபிடியாக இழுத்துக் கலைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நனைக்க வேண்டும். கண் எரிய, தொண்டை கமற, மணிக்கணக்கில் நடக்கும் வேலை அது. பாதியில் விட்டுவிட்டுப் போனால் விடிவதற்குள் மறுபடி பிடித்து, அடுத்த கூரைக்குத் தாவும். இதை யாரும் படம் எடுப்பதில்லை. இது எந்தச் செய்தியிலும் வீரம் என்று வராது. எனக்கு இதுதான் பெரிய தொண்டாகத் தெரிகிறது.

விவரம் சேர்க்கும்போது ஏணியில் ஏறியவரை மட்டும் எழுதிவிடாதீர்கள். வண்டியை ஓட்டிவந்து, பம்பை இயக்கி, குழாய் முனையில் நிற்பவருக்குத் தண்ணீர் அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்ட ஓட்டுநரையும் எழுதுங்கள். அழைப்பை எடுத்து, பதறிப்போய் அழுகிறவரிடமிருந்து ஊர்ப் பெயரையும் தெருவையும் கேட்டு வாங்கியவரையும் எழுதுங்கள். இன்னொரு வகையினரும் உண்டு. 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் மதிய உணவுக்கு மூட்டிய அடுப்புத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், குறுகலான படிக்கட்டு. அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன, தீத்தடுப்புச் சான்று கண்டிப்பானது. இன்றைக்கு ஒரு பள்ளியையோ கல்யாண மண்டபத்தையோ சுற்றிப் பார்த்து, இன்னொரு வழி திறக்கும்வரை சான்று தர மாட்டேன் என்று உறுதியாக நிற்கும் அலுவலர், நடக்காமல் போன ஒரு விபத்தின் நாயகர். அவருக்குச் சால்வை போட்டவர் யார்?

இனி பாராட்டுப் பத்திரம். அச்சகத்தில் தயாராக இருக்கும் "தன்னலமற்ற சேவைச் செம்மல்" வாசகத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும் வரி அது. நீங்கள் சேகரித்ததை எழுதுங்கள். உதாரணத்துக்கு இப்படி: "பங்குனி மாதம் எங்கள் தெருவில் நான்கு கூரை வீடுகள் எரிந்த இரவில், எரியும் வீட்டுக்குள்ளிருந்து கேஸ் சிலிண்டரை வெளியே கொண்டுவந்தீர்கள். அதனால் ஐந்தாவது வீடு தப்பியது. விடியும்வரை சாம்பலைக் கிளறி நனைத்துவிட்டுத்தான் கிளம்பினீர்கள்." நாள், இடம், செய்த காரியம், அதனால் பிழைத்தது எது என்ற நான்கும் இருந்தால் போதும். அந்த வீட்டாரே கையெழுத்திடட்டும்.

இந்தப் பத்திரத்தின் நகலை மாவட்ட அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். பலர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். அரசு தரும் கௌரவங்களுக்குத் துறை வழியாகவே பரிந்துரை போகும். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் அறிவிக்கப்படும் குடியரசுத் தலைவர் பதக்கங்களில் வீரச் செயலுக்குத் தனியாகவும் சிறந்த பணிக்குத் தனியாகவும் உண்டு. செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளையொட்டி முதலமைச்சரின் அண்ணா பதக்கம் இருக்கிறது. பொங்கலுக்கு அறிவிக்கப்படும் முதலமைச்சரின் பதக்கங்கள் தீயணைப்போர், முன்னணித் தீயணைப்போர், ஓட்டுநர் ஆகியோருக்கானவை. அண்மை ஆண்டுகளில் 120 பேருக்கு, மாதம் 400 ரூபாய் பதக்கப்படியோடு வழங்கப்படுகின்றன. 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் வளாகத்துப் பழைய கட்டடம் எரிந்தபோது இடிபாட்டில் ஒரு வீரர் உயிரிழந்தார். அதே தீயில் கடுமையாகக் காயமடைந்த அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் பின்னர் அண்ணா பதக்கம் பெற்றார். அந்த அளவு பெரிய தீ நாடறிந்தது. பாபநாசம் பக்கத்துச் சிற்றூரில் நடந்தது நீங்கள் எழுதினால்தான் மேலே தெரியும். எழுத்தில் இருக்கும் சாட்சிக்கு ஒரு பரிந்துரையைத் தாங்கும் பலம் உண்டு.

நிகழ்ச்சியை நிலையத்திலேயே நடத்துங்கள். மண்டபத்துக்கு வரச்சொன்னால் பணியில் இருப்பவர்கள் வர முடியாது. விடுப்பில் இருப்பவருக்கு மட்டும் விழா எடுத்ததாகிவிடும். நாற்காலி போடும்போது வண்டி வெளியேறும் பாதையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வந்தவர்களின் இரு சக்கர வாகனங்களும் வாசலை அடைக்கக் கூடாது. நிழலுக்குக் கீற்றுப் பந்தல் வேண்டவே வேண்டாம், வெடியும் வேண்டாம். 1997 ஜூன் 7-ல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும், 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் எரிந்ததையும் இந்த ஊர்க்காரர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை.

நீத்தாருக்கு மௌன அஞ்சலியோடு தொடங்குங்கள். மாண்ட வீரரின் குடும்பம் அருகில் எங்கேனும் இருந்தால் நேரில் போய் அழைத்து, முன்வரிசையில் அமர்த்துங்கள். ஓய்வு பெற்றவர்களையும் மறக்காதீர்கள். பிறகு பத்திரங்களை வாசிக்க வேண்டும். வாசிப்பவர் சங்கத் தலைவராக இருக்க வேண்டாம். காப்பாற்றப்பட்ட வீட்டிலிருந்து ஒருவர் தன் வாயால் சொல்லட்டும். மேடைப் பேச்சைச் சுருக்கினால் பிள்ளைகள் வண்டியில் ஏறிப் பார்க்கவும், சிலிண்டரில் தீப்பிடித்தால் நனைந்த சாக்கைப் போட்டு அணைப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளவும் நேரம் கிடைக்கும். நடுவில் மணி அடித்தால் அத்தனையும் அந்த நொடியில் நிற்க வேண்டும். கையில் சால்வையோடு நிற்பவர் ஓரமாக ஒதுங்கி வழிவிட வேண்டும். வீரர்கள் திரும்பி வரும்வரை சாப்பாடு காத்திருக்கட்டும்.

விழாவுக்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. வழக்கப்படி மேட்டூர் அணை பாசனத்துக்கு ஜூன் 12-ல் திறந்து, ஜனவரி 28-ல் மூடப்படும். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போர் போட்டிருப்போம். சித்திரை வெயிலில் கூரை காய்ந்து கிடக்கும். ஆற்றிலும் வாய்க்காலிலும் மணல்தான் இருக்கும். நம் ஊரில் தீ அதிகம் பிடிக்கிற மாதங்களும் தண்ணீர் இல்லாத மாதங்களும் ஒன்றே. ஒரு தண்ணீர் வண்டியில் வழக்கமாக 4,500 லிட்டர் பிடிக்கும். முழு வேகத்தில் பீய்ச்சினால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அடுத்த நிரப்பு எங்கே என்பதுதான் ஒரு தெருவின் தலைவிதி.

ஆகவே ஊரில் நான்கு பேர் உட்கார்ந்து ஒரு படம் வரையுங்கள். கோடையிலும் தண்ணீர் நிற்கும் குளம் எது, வண்டி அதன் கரைவரை போகுமா, யார் வீட்டுப் போர்செட்டில் நிரப்பலாம், மோட்டார் கொட்டகைச் சாவி யாரிடம், எந்தத் தெருவில் வண்டி நுழையாது, எங்கே மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறது என்பதையெல்லாம் குறித்து, மூன்று பேரின் தொலைபேசி எண்ணோடு நிலையத்தில் கொடுங்கள். கும்பகோணத்துச் சந்துகளிலும் பழைய அக்கிரகாரத் தெருக்களிலும் நிறுத்திவைத்த கார்களுக்கு நடுவே வண்டி ஊர்ந்து வந்து சேர்வதற்குள் கூரை போய்விடுகிறது. அந்தக் கார் நம்முடையதாக இருந்தால் இடம் மாற்றி நிறுத்துவோம். சித்திரை பிறக்கும் முன்பே அந்தப் படத்தையும், யாராவது ஒரு வீட்டார் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் நிலையத்துக்குப் போய் வாருங்கள்.