தத்துப் பிள்ளை வரும் வழி

1901 மார்ச் மாதம். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பண்ணைவிளை. அயர்லாந்தில் பிறந்து, இறைப்பணிக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் சில மாதங்கள் வெளியூரில் இருந்துவிட்டு முந்தைய நாள்தான் ஊர் திரும்பியிருந்தார். காலைத் தேநீர் வேளையில் உள்ளூர்ப் பெண் ஒருவர் ஏழு வயதுச் சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

பிரீனா என்ற அந்தச் சிறுமி, பக்கத்து ஊரான பெருங்குளத்தில் தேவதாசி வீட்டிலிருந்து தப்பி வந்தவள். அது முதல் முயற்சி அல்ல. அதற்கு முன்பு ஒருமுறை தூத்துக்குடி வரை ஏறக்குறைய இருபது மைல் நடந்தே தாயிடம் ஓடியிருந்தாள். தெய்வக் குற்றம் வந்துவிடுமோ என்று அஞ்சிய தாய், தேடி வந்தவர்களிடமே அவளைத் திருப்பி ஒப்படைத்துவிட்டார். ஓடியதற்குத் தண்டனையாகக் கையில் சூடு போட்டார்கள். "பிள்ளை பிடிக்கிற அம்மாள் வந்துவிடுவாள்" என்று ஏமியைக் காட்டி அந்த வீட்டில் அவளைப் பயமுறுத்துவதுண்டு. அப்படியானால் அந்த அம்மாளே நம்மைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று குழந்தை நினைத்தது.

இரண்டு நாள் முன்னதாக ஓடி வந்திருந்தால் ஏமி அங்கே இருந்திருக்க மாட்டார். இதை ஏமி தற்செயல் என்று கருதவில்லை. கடவுள் தன் மடியில் வைத்த பிள்ளை என்றே நம்பினார். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்துவந்தவர், மணமாகாமலே, முப்பத்துமூன்று வயதில் தாயானார்.

அதன்பின் அவர் வாழ்க்கை டோனாவூரில் குழந்தைகளோடு கழிந்தது. 1904 முதல் கைக்குழந்தைகளும் 1918 முதல் ஆண் பிள்ளைகளும் வந்தார்கள். யாரிடமும் பணம் கேட்பதில்லை, தேவையை ஜெபத்தில் மட்டுமே சொல்வது என்பது அவர் வைத்துக்கொண்ட நியதி. பல குழந்தைகளுக்குப் பிறந்த தேதி தெரியாது. அதனால் பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளையே கொண்டாடினார்கள். 1931இல் கீழே விழுந்து, எஞ்சிய இருபது ஆண்டுகளைப் பெரும்பாலும் படுக்கையறையிலேயே கழித்த ஏமி, 1951இல் இறக்கும்வரை அந்தப் பிள்ளைகளுக்கு அம்மாவாகவே இருந்தார். சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக்கும் வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது.

ஆனால், பிரீனாவுக்கு ஏமி சட்டப்படி தாய் அல்ல. அன்று மட்டுமல்ல, அதற்குப் பின் ஒரு நூற்றாண்டுக் காலம் இந்தத் தூத்துக்குடிக் கரையின் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டப்படி தத்தெடுக்கும் வழி இல்லை. 1956இல் வந்த தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கும், சீக்கியர், பௌத்தர், சமணருக்கும் உரியது. மற்றவர்கள் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின்படி குழந்தைக்குக் காப்பாளராக மட்டுமே ஆக முடிந்தது. பிள்ளை சட்டப்படி மேஜரானதும் அந்த உறவு சட்டத்தின் கணக்கில் முடிந்துவிடும். இளைஞர் நீதிச் சட்டம் 2000இல் வந்து, 2006இல் திருத்தப்பட்ட பிறகே நிலைமை மாறியது. எந்த மதத்தவரும் அந்தச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்று 2014 பிப்ரவரியில் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

குழந்தை வரம் கேட்டு வருபவர்களை இந்தக் கரை நெடுங்காலமாகப் பார்த்துவருகிறது. ஆகஸ்ட் 5ஆம் தேதி தூத்துக்குடிப் பனிமய மாதா பேராலயத் திருவிழாவில், ஊரார் தஸ்நேவிஸ் மாதா என்று அழைக்கும் தாயின் முன் தம்பதியர் முழந்தாளிடுகிறார்கள். ஐப்பசியில் திருச்செந்தூரில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதமிருந்து, சூரசம்ஹாரம் கண்டு, கடலில் மூழ்கி எழுகிறார்கள். பிள்ளையை முருகனுக்குத் தத்துக் கொடுத்து, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கும் வழக்கமும் தமிழ்நாட்டில் உண்டு. நோய்நொடி அண்டாமலிருக்கப் பெற்ற பிள்ளையையே கடவுளுக்குக் கொடுத்து, அவரிடமிருந்து பெற்றதாக வளர்ப்பது அது. பெற்றவர்களே தம் குழந்தையைக் கடவுளிடமிருந்து வாங்கி வந்த பிள்ளையாகக் கொள்ளும் ஊரில், இன்னொரு வயிற்றில் பிறந்து வீடு வந்த பிள்ளையை "வந்தவள்", "வந்தவன்" என்று பிரித்துச் சொல்ல யாருக்கும் நியாயமில்லை.

வேண்டுதலுக்குத் தத்து வழியாகப் பதில் வரும்போது, அது பல கைகள் மாறித்தான் வருகிறது. முதலில் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து, குடும்பத்தாரோடு பேசி அறிக்கை எழுதுவார். அதன்பின் காத்திருப்பு. சின்னக் குழந்தை கேட்பவர்களுக்கு அது மூன்று ஆண்டுகளையும் தாண்டுகிறது. ஒருநாள் ஒரு குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் வந்து சேரும். 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். வேலைக்குப் போன இடத்திலோ பேருந்திலோ இருக்கும்போது கைப்பேசியில் வந்து நிற்கும் அந்த முகத்தை, நம்பிக்கையுள்ளவர்கள் அற்புதம் என்கிறார்கள். அந்த முகத்துக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள்! குப்பைத் தொட்டியிலோ புதரிலோ விடாமல் தொட்டிலில் விட்டுப் போன தாய், இரவில் எழுந்து பாலூட்டிய காப்பக ஆயா, எடை கூடுகிறதா என்று வாரந்தோறும் பார்த்த செவிலியர். தமிழக அரசின் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் 1992இல் தொடங்கியபோது கேலி செய்தவர்களும் உண்டு. உயிர் தப்பிய குழந்தைகள் அதற்குப் பதிலாக இருக்கிறார்கள்.

இந்தக் காத்திருப்புக்குக் காரணம் உண்டு. குழந்தையை ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாற இரண்டு மாத அவகாசம் தரப்படுகிறது. கைவிடப்பட்ட குழந்தை என்றால் பெற்றோரைத் தேடிப் பார்த்த பிறகே தத்துக்கு உரியதாக அறிவிக்கிறார்கள். பொறுமையிழந்து, மருத்துவமனையிலேயே பேசி முடித்துத் தருகிறேன் என்று வரும் தரகரை நம்புபவர்கள் குற்றத்தில் சிக்குகிறார்கள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் சிறைத் தண்டனைக்குரியவை. அதைவிடப் பெரிய துயரம், வளர்த்து ஆளாக்கும் பிள்ளையை ஒருநாள் பறிகொடுக்க நேர்வது. மாதாவின் முன்னும் முருகன் முன்னும் நின்று கேட்ட பிள்ளையை இன்னொரு தாயின் கண்ணீரில் வாங்கக் கூடாது.

பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகும் பெற்றோராக முடியும் என்பதற்கு இதே கடற்கரையில், வடக்கே நாகப்பட்டினத்தில் சான்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஓஎன்ஜிசி பொறியாளர் பரமேஸ்வரனும் அவர் மனைவி சூடாமணியும் தங்கள் மூன்று குழந்தைகளையும் இழந்தார்கள். உயிரோடிருக்க விருப்பமற்றுப் போன அந்தத் தம்பதி, அலையில் தாய் தந்தையை இழந்து நின்ற குழந்தைகளைத் தங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தார்கள். நான்கில் தொடங்கிய எண்ணிக்கை பல மடங்கானது. இல்லத்துக்கு 'நம்பிக்கை' என்று பெயரிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று படித்து வேலையில் இருக்கிறார்கள். இது சட்டப்படியான தத்து அல்ல. ஆனாலும் அந்த வீட்டில் அவர்கள் அப்பா, அம்மாதான்.

வீட்டுக்கு வந்த பிறகும் வேலை இருக்கிறது. புதுக் குரலுக்கும் புது மணத்துக்கும் பழகும்வரை சில குழந்தைகள் உண்ணவும் உறங்கவும் மறுக்கும். தத்து உத்தரவை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே தருவதால் நீதிமன்ற அலைச்சல் குறைந்திருக்கிறது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் சமூகப் பணியாளர் குழந்தையை வந்து பார்ப்பார். குழந்தையிடம் அதன் வருகைக் கதையைச் சின்ன வயதிலிருந்தே சொல்லிவர வேண்டும். பதினைந்து வயதில் பக்கத்து வீட்டார் வாயிலிருந்து கேட்டால் அது இடி. "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று அண்ணன் தங்கையைச் சீண்டும் விளையாட்டுப் பேச்சு, இந்தப் பிள்ளைகளின் காதில் வேறு மாதிரி விழும் என்பதை உறவினர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

2024-25இல் நாடு முழுவதும் 4,515 குழந்தைகள் தத்துக் குடும்பங்களைச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் கேட்பது இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை. எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளும், உடல்நலச் சிக்கல் உள்ளவர்களும் காப்பகங்களிலேயே வளர்கிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விண்ணப்பிக்கத் தம்பதியின் மொத்த வயது 85ஐத் தாண்டக் கூடாது. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கோ 110 வரை இடமுண்டு. வயது ஐம்பதைக் கடந்துவிட்டது, இனி நமக்கில்லை என்று வேண்டுதலையே நிறுத்திவிட்ட தம்பதியருக்கும் கதவு திறந்தேயிருக்கிறது. மணமாகாத பெண்ணும் விண்ணப்பிக்கலாம். தூத்துக்குடியில் இதற்கான தகவலைக் கோரம்பள்ளம் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு பற்றி விசாரித்துப் பெறலாம்; பிள்ளையை வளர்க்க வழியில்லாமல் தவிக்கும் தாய்க்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவிலும் பகலிலும் இருக்கிறது.