நகரத்துக்குக் கடன் கொடுத்தவர் யார்?

டொராண்டோவில் சுரங்க ரயில் போன்ற பணிகளுக்கு மாநகராட்சி கடன் வாங்குகிறது. அதற்காக வெளியிடுவதுதான் நகராட்சிக் கடன் பத்திரம். பல ஊர்களின் இத்தகைய பத்திரங்களை வாங்கிச் சேர்த்து, அந்தத் தொகுப்பைச் சிறு பங்குகளாக விற்பது நகராட்சிக் கடன் பத்திர நிதி.

அமெரிக்க நிதி ஒன்றின் விவரங்களைப் புரட்டினால், 'நிறுவனங்கள் இத்தனை சதவீதம், பொதுமக்கள் இத்தனை சதவீதம்' என்று உரிமை பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். பொதுமக்கள் என்பது அரசு அல்ல. உங்களையும் என்னையும் போன்ற தனி மனிதர்கள். இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமமும் உண்டு. பத்து கோடி டாலருக்கு மேல் பங்குகளை நிர்வகிக்கும் நிறுவனங்கள் தங்கள் கையிருப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிடம் தெரிவிக்க வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தன் பணத்தை அப்படியொரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தால், அவருடைய பங்கும் நிறுவனக் கணக்கில்தான் சேரும்.

அமெரிக்காவில் இந்த நிதிகளைத் தனி மனிதர்கள் விரும்பி வாங்குவது ஏன்? 1913-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நகராட்சிப் பத்திரங்களின் வட்டிக்கு மத்திய வரியிலிருந்து விலக்கு அளித்தது. 37 சதவீத வரி கட்டுபவருக்கு, வரியுள்ள 5 சதவீத வட்டியில் கையில் நிற்பது 3.15 தான். வரியில்லாத 4 சதவீதம் அவருக்கு லாபம். ஓய்வூதிய நிதிகளோ எப்படியும் வரி கட்டுவதில்லை; குறைந்த வட்டியை அவை ஏன் ஏற்க வேண்டும்?

கனடாவில் அந்த விலக்கு இல்லை. ஆகவே டொராண்டோவுக்குக் கடன் கொடுப்பவர்களில் ஓய்வூதிய நிதிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் முக்கியமானவர்கள். 2018-இல் மாநகராட்சி தன் முதல் பசுமைப் பத்திரத்தை வெளியிட்டு 30 கோடி டாலர் திரட்டியது. இங்கே வசிக்கும் நம்மவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அமெரிக்க நிதியின் வட்டிக்கு அங்கே வரி இல்லாவிட்டாலும், கனடாவில் உண்டு.

தமிழ்நாட்டில் கதை வேறு. 1996-இல் உருவான தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியில் மாநில அரசோடு ஐசிஐசிஐ, எச்டிஎஃப்சி, ஐஎல் அண்ட் எஃப்எஸ் ஆகியவை பங்கு போட்டன. தனியே கடன் வாங்க வலுவில்லாத 13 நகர உள்ளாட்சிகள், 2002-இல் குடிநீர், துப்புரவுக்கான கூட்டு நிதியின் வழியே சுமார் 30 கோடி ரூபாய் திரட்டின. அசலில் பாதிக்கு அமெரிக்க உதவி நிறுவனம் உத்தரவாதம் தந்தது. ஊர்கூடித் தேர் இழுத்த கதைதான்.

யாரிடம் இருந்தால் என்ன, வட்டி வந்தால் போதாதா? நகரம் நொடிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். 1975 அக்டோபரில் நியூயார்க் திவாலாகும் விளிம்பில் நின்றது. கடைசி நேரத்தில் ஆசிரியர் சங்கம் இசைந்து, ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி 15 கோடி டாலருக்குப் பத்திரங்களை வாங்கியது. நகரம் பிழைத்தது. அந்த ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்ததும் அதே நகரம்தான். நகரம் விழுந்திருந்தால் வேலையும் முதுமைக்கான சேமிப்பும் சேர்ந்தே போயிருக்கும்.

உரிமைப் பட்டியலில் நிறுவனம் என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் முதுமைக்கால அரிசிப் பணம் இருக்கிறது.