சின்னமுத்தும் உடலின் நினைவும்

சின்னமுத்து ஒருமுறை கண்டவருக்கு மறுமுறை காணாது என்பர் நம் பாட்டிமார். அது மெய்யே என்பதை 1846ஆம் ஆண்டில் 25 வயது வைத்தியர் ஒருவர் கண்டறிந்தார். டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட பாரோத் தீவுகளில், அவ்வாண்டு கப்பலில் வந்த தச்சர் ஒருவருடன் சின்னமுத்தும் கரையிறங்கிற்று. 7,782 மக்களுள் ஏறக்குறைய 6,000 பேர் நோயுற்றனர். அரசாங்கம் அனுப்பிய வைத்தியர் இருவருள் ஒருவரான பீற்றர் பானூம் ஊர் ஊராகச் சென்று விசாரித்தார். அந்நோய் அங்கு முன்னர் பரவியது 1781இல். அப்பொழுது நோயுற்று இன்னும் உயிர்வாழ்ந்திருந்த முதியவருள் ஒருவரையேனும் அது மீண்டும் தொடவில்லை!

அறுபத்தைந்து ஆண்டுகளாக அவர்களைக் காத்தது எது? வைரசு உடலிற் புகுந்தபின் பிறபொருளெதிரி என்னும் புரதங்கள் குருதியில் தோன்றி அதனைப் பற்றிக்கொள்கின்றன. அவற்றை ஆக்கும் கலங்களுட் சில, நோய் தீர்ந்த பின்னரும் என்பு மச்சையிற் தங்கிவிடுகின்றன. ஆயினும் நோயைத் தீர்ப்பவை பிறபொருளெதிரிகள் மட்டுமல்ல. அவற்றை ஆக்கவியலாது பிறந்த குழந்தைகளும் பெரும்பாலும் சின்னமுத்திலிருந்து தேறிவிடுகின்றனர். வைரசு குடிகொண்ட கலங்களை அழிக்கும் ரீ கலங்களே அங்கு கைகொடுக்கின்றன. மேனியிற் சிவந்து தோன்றும் முத்துக்களும் அவற்றின் வேலையே.

இனி, பாட்டிமார் அறியாத செய்தி. சயரோகச் சோதனையிற் சிவந்து வீங்கவேண்டிய தோல், சின்னமுத்து கண்ட நாட்களில் வீங்காதிருத்தலை 1908இல் வியன்னாவில் பிர்க்கே என்னும் வைத்தியர் எடுத்துக்காட்டினார். காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் வெண்குழியங்களையே இவ்வைரசு நாடித் தாக்குகின்றது என்பது பின்னரே தெரிந்தது. நெதர்லாந்தில் தடுப்பூசி பெறாத 77 பிள்ளைகளின் குருதியை நோய்க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஏனைய கிருமிகளுக்கெதிராக அவர்கள் சேர்த்திருந்த பிறபொருளெதிரி வகைகளுள் நூற்றுக்கு 11 முதல் 73 வரை மறைந்திருந்தன. கள்வனொருவன் தன் முகத்தைக் காவலாளியின் மனத்திற் பதித்துவிட்டு, மற்றைக் கள்வரின் முகங்களை மறக்கச் செய்தாற்போலாம். சின்னமுத்திலிருந்து எழுந்த பிள்ளை சில மாதங்களின் பின் நியூமோனியாவில் விழுந்தால், தாய் இரண்டையும் தொடர்புபடுத்துவாளா?

“இயற்கையாய் வந்து போகட்டும்” என்போர் இவ்விழப்பைக் கணக்கிற் கொள்வதில்லை. தடுப்பூசியிலுள்ள நலிவாக்கப்பட்ட வைரசு நிர்ப்பீடனத்தைத் தருகின்றது. அவ்வாய்வில் ஊசி பெற்ற பிள்ளைகளிடம் இத்தகைய இழப்புக் காணப்படவில்லை.

பிறந்தவுடனே ஊசி ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். தாயிடமிருந்து பெற்ற பிறபொருளெதிரிகள் சில மாதங்கள் குழந்தையின் குருதியில் உள. அவை ஊசியின் வைரசையும் பகையென்றே பிடித்துவிடும்! அவை குறையும் வரை காத்திருந்தே இலங்கையில் முதலாவது ஊசியை 9 மாதத்தில் ஏற்றுகின்றனர். அடுத்தது 3 வயதில்.