பாப்பாத்தி அம்மாள் கோயில்

கிங்ஸ் சர்க்கிளில் நாம் குடியிருக்கும் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் சென்ற மாதம் பெண் பார்க்கும் நிகழ்ச்சி ஒன்று நடைபெற்றது. இரு வீட்டாரும் திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர். இருவருக்கும் வேண்டியவர் என்ற முறையில் நாமும் அழைக்கப்பெற்றிருந்தோம். பெண் படித்தவள், வேலையில் இருப்பவள். பிள்ளைக்கும் பிடித்துவிட்டது. காப்பி வந்தது. அவ்வேளையில் பிள்ளையின் பெரியப்பா, பெண்ணின் தாயாரை நோக்கி, அவருடைய தகப்பனார் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று வினவினார். அந்த அம்மாள் ஒன்றையும் மறைத்தாரில்லை. தம் தாயார் கட்டிய கணவரை விட்டு ஊரைவிட்டுப் புறப்பட்டவர் என்றும், தாராவியில் வேறொருவருடன் மணமின்றி வாழ்ந்தே தம்மைப் பெற்றார் என்றும் கூறிவிட்டார். அதற்குமேல் பேச்சு நீளவில்லை. பாதி குடித்த தம்ளர்கள் தட்டுக்குத் திரும்பின. சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்தார்கள், இன்றுவரை சொல்லியனுப்பவில்லை. அன்று நாமும் வாய் திறந்தோமில்லை.

படியிறங்கும்போது அப்பெரியவர் தம் குடும்பப் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய திருமணம் பாளையங்கோட்டைப் பாப்பாத்தி அம்மாள் கோயிலில் நடந்ததாம். அந்தப் பெயர் காதில் விழுந்தது முதல் நமக்கு உறக்கம் கெட்டது. வாசக அன்பர்களே, அந்தப் பாப்பாத்தி அம்மாள் யார் என்பதை நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

அவர் தஞ்சையைச் சேர்ந்த மராத்தியப் பிராமணக் குலத்து விதவை. (மராத்தியரிடையே பிழைக்க வந்த நமக்கு இது ஒரு வேடிக்கையான செய்திதான்.) கணவனுடன் உடன்கட்டை ஏறவிருந்த அவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி காப்பாற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதை எவ்வாறாயினும், அவ்வதிகாரியுடன் அவர் பாளையங்கோட்டையில் வாழ்ந்தார் என்பதும், அவ்வாழ்வுக்கு மணப்பதிவு இல்லை என்பதும் ஐயத்திற்கிடமில்லாதவை. தம்மவரும் அவரை ஏற்கவில்லை. வெள்ளையர் வீட்டிலும் மனைவி என்ற பெயர் இல்லை. அந்த அதிகாரியிடமே கிறிஸ்து மார்க்கத்தைக் கற்று, ஞானஸ்நானம் வேண்டினார். தஞ்சையில் ஊழியம் செய்த சுவார்ட்ஸ் ஐயர், அவர் மணமின்றி வாழ்வதைக் காரணங்காட்டி மறுத்துவிட்டார்.

இம்மறுப்பைச் சிலர் கொடுமை என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. சுவார்ட்ஸ் ஐயர் கேட்டது அவ்வம்மையின் அன்றைய நடையைப் பற்றி. அதற்கு விடை சொல்ல அவரால் இயலும். அவருடைய பாட்டி யார் என்று ஐயர் கேட்டாரில்லை. அதிகாரி இறந்தபின், 1778-ஆம் ஆண்டு பாளையங்கோட்டைக்கு வந்த அதே ஐயர், பழைய மறுப்பைக் கையில் வைத்துக்கொண்டிராமல் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். குளோரிந்தா என்பது அப்போது சூட்டப்பெற்ற பெயர். 1780-ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் உண்டு. பல சாதியார் கலந்த அப்பட்டியலின் தலையில் நிற்பது அவர் பெயரே. இதனைக் கால்டுவெல் ஐயர் தாம் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷன் சரித்திரத்தில் குறித்திருக்கிறார். அவ்வம்மையார் முயற்சியால் கோட்டைக்குள் எழுந்த சிறு கோயில் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. ஊருக்குக் கிணறு ஒன்றும் வெட்டுவித்தார். சபைக்கு ஊழியர் வேண்டுமென்று அவர் மன்றாடியதன் பேரில் வந்த சத்தியநாதன், 1790-இல் குருப்பட்டம் பெற்றார். 1799-இல் முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பு உருவானதும் இந்தத் தொடர்ச்சியிலேதான். பெருங்குளத்து அ. மாதவையா கிறிஸ்தவரல்லர், எனினும் இவ்வம்மையாரைக் கதைத்தலைவியாக்கி 1915-இல் ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார்.

பெயர்ப் பட்டியல்களைப் பார்த்தே வயிறு வளர்க்கும் இரயில்வே குமாஸ்தா நாம். எங்கள் பணிப்பதிவேட்டில் தகப்பன் பெயருக்கு ஓர் இடம் உண்டு, பாட்டிமாருக்கு இல்லை. ஆனால் மத்தேயு தம் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில், இயேசுவின் வம்ச வரலாற்றில், பாட்டிமார் சிலரை எழுதியிருக்கிறார். வறண்ட பட்டியல் என்று நாம் தாண்டிப்போகும் பகுதி அது. சாராளும் ரெபேக்காளும் அங்கில்லை. மாமனாரிடம் பிள்ளை பெற்ற தாமார் இருக்கிறாள். எரிகோவின் வேசி ராகாப் இருக்கிறாள். மோவாபிய அந்நியப் பெண் ரூத் இருக்கிறாள். நான்காமவளை மத்தேயு பெயர் சொல்லாமல் உரியாவின் மனைவி என்று எழுதுகிறார். அந்தச் சொல்லால் வெளிப்படுவது அவளுடைய குற்றமன்று. அவளைக் கவர்ந்து உரியாவைக் கொல்வித்த தாவீது அரசனுடைய குற்றம். விரும்பியிருந்தால் இந்நால்வரையும் விட்டுவிட்டே எழுதியிருக்கலாம். கேட்பாரில்லை.

சபைகள் இதனை எப்போதும் கைக்கொண்டன என்று நாம் பொய்யுரைக்க விரும்பவில்லை. வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. கிங்ஸ் சர்க்கிளில் சுவர் ஒன்றுமில்லை. ஒரு கேள்வியே போதுமானதாயிருந்தது.

அப்பெரியவர் நல்லவர், சபைக் காரியங்களில் முன்னிற்பவர். அடுத்த மாதம் ஊருக்குச் செல்கிறார். தாதர்–திருநெல்வேலி வண்டியில் இடம் கிடைக்குமா என்று நேற்று நம்மிடம் கேட்டார். பேரப்பிள்ளைக்குப் பாப்பாத்தி அம்மாள் கோயிலில் ஞானஸ்நானமாம். இங்கு எழுதியவற்றையெல்லாம் அவரிடம் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்து, கீழ்ப்படுக்கை கிடைத்தால் நல்லது என்றார்.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப்பின் இரண்டாம் மாடிக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். அன்று நாம் வாய் மூடியிருந்ததை அந்த அம்மாளிடம் நேரில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளையையும் உடன் வருமாறு கேட்டிருக்கிறோம். வருவதாகத்தான் சொல்லியிருக்கிறான்.