சாம்பாரில் வெல்லம் போட்டால் நீங்கள் யார்?

“ஹோட்டல் சாம்பார் வர வர பாயசமா மாறிக்கிட்டிருக்கு.”

தஞ்சாவூர்ப் பக்கம் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முகநூலில் எழுதியது இவ்வளவுதான். கடையின் பெயரைச் சொல்லவில்லை. படம்கூடப் போடவில்லை.

முதலில் வந்த பதில்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. துளி வெல்லம் சேர்த்தால்தான் புளிப்பு அடங்கும் என்றார் ஒருவர். கோயம்புத்தூருக்கு வாங்க, இனிப்பே இல்லாத சாம்பார் ஊத்துறேன் என்று அழைத்தார் இன்னொருவர். அதற்குக் கீழே வந்து விழுந்தது அந்தக் கேள்வி: “வெல்லம்னா சாருக்கு ஏன் இவ்வளவு எரிச்சல்? எந்த ஆளுங்க நீங்க?”

மதியத்துக்குள் சாம்பார் காணாமல் போய்விட்டது. அவருடைய பழைய படங்களைத் தோண்டி, நெற்றி நிறைய விபூதியோடு இருந்த ஒன்றை எடுத்து ஒட்டினார் ஒருவர். கறுப்புச் சட்டையோடு இருந்த ஒன்றை எடுத்து ஒட்டினார் மற்றொருவர். முதல் படத்தை வைத்து ஒரு கட்சியும் இரண்டாவது படத்தை வைத்து எதிர்க்கட்சியும் அவருக்கு ஒதுக்கப்பட்டன. உண்மையில் இரண்டும் ஒரே மாதத்தில் எடுத்த படங்கள். சபரிமலைக்கு மாலை போட்டிருந்த நேரத்துக் கறுப்புச் சட்டை அது!

“நான் வெல்லத்தைச் சொன்னேன் சார். அவங்க என் கோத்திரத்தைத் தேடுறாங்க” என்று சிரிக்கிறார் அவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இப்போதைக்கு அது புத்திசாலித்தனம்தான்.

சாமானியர்கள் இணையத்தில் என்னதான் பேசுகிறார்கள் என்று எழுதச் சொன்னார்கள். சாப்பாடு, அரசியல், சினிமா என்று தினம் ஏதாவது எழுதுகிற சிலரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அரசியலில் அவர்கள் சொன்னவை நாம் பேருந்திலும் கேட்பவை. சரக்கு இருந்தது சாப்பாட்டில்தான். கவலையும் அங்கேதான் வந்தது.

நாக்குக்கு ஒரு நாள்

வங்கிக்காரரின் பக்கத்தைப் புரட்டினால் ஒரு மனிதரின் நாள் முழுக்கத் தெரிகிறது. காலையில் காபி. சிக்கரியைத் திட்டி அவர் எழுதியதற்கு ஒரு பெரிய வாசகர் கூட்டமே உண்டு. சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. கலவை விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். “அதைப் படிச்சுப் பார்த்து வாங்குறவர் எத்தனை பேர்?” என்பது அவர் கேள்வி. பத்து மணிக்கு மேல் நாளிதழ் படித்து முடித்த சூட்டில் அரசியல். இரவில் பழைய பாட்டு. நடுநடுவே கிரிக்கெட்.

இதில் எதற்கும் அவர் நிபுணர் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ‘இங்கு அரசியல் பேசக் கூடாது’ என்ற பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து அரசியல் பேசி வளர்ந்த ஊர் நம்முடையது. சலூனிலும் டீக்கடையிலும் படிப்பகத்துத் திண்ணையிலும் நிபுணர்கள் பேசவில்லை. கருத்து என்பது கையில் கிளாஸ் இருக்கும்வரை உள்ள சமாச்சாரம். இன்றைக்கு ஒன்று சொல்லிவிட்டு நாளைக்கு மாற்றிச் சொன்னால், “நேத்து வேற மாதிரி சொன்னியே மாப்ளே” என்ற கிண்டலோடு முடிந்துபோகும்.

அங்கேயும் சாதி இல்லாமல் இல்லை. தனிக் குவளை வைத்திருந்த கடைகளை நாம் மறந்துவிட முடியாது. ஆனால் பேச்சுக்குள் வந்தவர்கள், சொன்னதற்குப் பதில் சொன்னார்கள். இணையம் பெஞ்சை நீட்டிப்போட்டு எல்லோரையும் உட்காரவைத்தது. உட்கார்ந்தவர்களோ பதில் சொல்வதை விட்டுவிட்டு ஒருவரையொருவர் மோப்பம் பிடிக்க ஆரம்பித்துவிட்டோம்.

காணாமல் போன பரங்கிக்காய்

அந்த சாம்பார் பதிவுக்குத் திரும்பப் போய், எல்லாப் பதில்களையும் பொறுமையாகப் படித்தேன். சண்டைக்கு நடுவே, யாரும் கண்டுகொள்ளாமல் ஒரு பதில் கிடந்தது. எழுதியவர் ஒரு சமையல் மாஸ்டர். ஹோட்டல் இட்லி சாம்பார் இனிப்பதற்கு வெல்லம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. பாசிப்பருப்பும் பரங்கிக்காயும் கேரட்டும் வெந்து குழைந்தால் வெல்லமே போடாமலும் இனிப்பு இறங்கும். சின்ன வெங்காயம் அதிகமானாலும் அப்படித்தான் என்று பக்குவமாக எழுதியிருந்தார். வங்கிக்காரரின் சந்தேகத்துக்கு வந்த ஒரே உருப்படியான பதில் அதுதான். அதற்கு ஒரு லைக்கூட இல்லை.

என் வயிற்றெரிச்சல் இந்த இடத்தில்தான். சாப்பாட்டைப் பற்றி ஊருக்கு ஊர் வைத்திருக்கிற அறிவு கொஞ்சநஞ்சமல்ல. பிரியாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூரில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்துப் போடுவார்கள். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் வரும். திண்டுக்கல்லில் சீரகச் சம்பா அரிசி, சின்னச் சின்னக் கறித்துண்டு. பாஸ்மதிதான் பிரியாணி என்பவரும், பாஸ்மதி என்றால் எழுந்து போய்விடுபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசலாம். இணையத்தில் அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கிறது? சீரகச் சம்பா என்றால் ஒரு மதம், பாஸ்மதி என்றால் ஒரு மதம், குஸ்கா போதும் என்றால் வேறு ஒரு விசாரணை.

திருநெல்வேலிக்காரப் பெண்மணி ஒருவர் யூடியூபில் சமையல் போடுகிறார். அவர் சொதி செய்து காட்டினார். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்தில் இடம்பிடிக்கும் பண்டம் அது. தேங்காய்ப்பாலை முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிரித்து, காய்களை மூன்றாம் பாலில் வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். இவ்வளவு நுணுக்கத்தையும் சொல்லிக்கொடுத்தவருக்கு வந்த பதில்: “இது உங்க ஆளுங்க வீட்டுச் சமையல்தானே?”

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒருவரும் அங்கே வந்திருந்தார். “எங்களுக்குச் சொதி எண்டால் இடியப்பத்துக்கு ஊத்திற தண்ணிச் சொதி” என்று ஆசையாக எழுதியிருந்தார். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பெயரில் இரண்டு பண்டங்கள். நல்ல பேச்சு ஒன்று தொடங்கியிருக்க வேண்டிய இடம். சாதிச் சான்றிதழ் கேட்டு வந்தவர்களின் இரைச்சலில் அவர் ஒதுங்கிவிட்டார். அந்தப் பெண்மணி பதில் எழுதும் வசதியையே மூடிவிட்டார். “சமையக்கட்டுல நின்னுக்கிட்டு இதுக்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமில்ல தம்பி” என்றார் என்னிடம்.

இட்லி பட்ட பாடு

இது நம் ஊர் நோய் மட்டும் அல்ல. 2020 அக்டோபரில், உணவு கொண்டுவந்து கொடுக்கும் நிறுவனம் ஒன்று ட்விட்டரில் ஒரு கேள்வி கேட்டது. எல்லோரும் ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள் என்று உங்களுக்குப் புரியாத உணவு எது? பிரிட்டனைச் சேர்ந்த வரலாற்று விரிவுரையாளர் ஒருவர் வந்து, உலகத்திலேயே சலிப்பூட்டும் பண்டம் இட்லிதான் என்று எழுதிவிட்டார். கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில்தான். தென்னிந்தியாவே திரண்டு எழுந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்வரை பதில் எழுதினார்கள்.

சுவையான பதில்கள் நிறைய வந்தன, மறுக்கவில்லை. சூடான இட்லியும் நல்ல சட்னியும் வாய்க்காத மனிதர் என்று பரிதாபப்பட்டவர்கள் உண்டு. ஆனால் நம்மில் பலருக்கு இட்லியைவிட அவருடைய நிறமும் நாடும்தான் முக்கியமாகப் போயின. சமைக்கத் தெரியாத நாட்டுக்காரன், காலனியக் கொழுப்பு என்று போனது பேச்சு. ஒரு மனிதருக்கு இட்லி பிடிக்கவில்லை. அவ்வளவுதானே? நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் தினமும் காலையில் இதையே சொல்லி அடம்பிடிக்கிறார்கள்!

நம் பாரம்பரியம் என்று நாம் வரிந்துகட்டும் தட்டை ஒருமுறை உற்றுப் பார்க்கலாம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தவை. காபி நம் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்து நூறு, நூற்றைம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. அப்போதும் ‘இந்தக் கருமத்தைக் குடித்தால் குடும்பம் விளங்காது’ என்று பெரியவர்கள் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததெல்லாம் நம்முடையதானது, பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதால்தான்.

உணவில் அரசியல் இல்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கிறது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குப் போட்ட தனிப் பந்தியிலிருந்து 1957இல் திருவல்லிக்கேணி ஹோட்டலின் ‘பிராமணாள்’ பலகைவரை அதற்குச் சாட்சிகள் உண்டு. ‘சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும்’ என்ற வாடகை விளம்பரம் இன்றைக்கும் தொங்குகிறது. ஆனால் அந்தப் போராட்டங்கள் எல்லாம், சாப்பிட உட்காரும் இடத்தில் ‘நீ யார்’ என்று கேட்கக் கூடாது என்பதற்காக நடந்தவை. அதே கேள்வியை நாம் கமெண்ட் பெட்டியில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

லைக் போட்டாலும் கைது

சாப்பாட்டில் பழகிய கை அரசியலில் சும்மா இருக்குமா? ஒரு பாலம் கட்டி முடிக்கத் தாமதமாகிறது என்று எழுதினால், பாலத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. ஆளுங்கட்சியின் ஆளா, எதிர்க்கட்சி கூலியா, எவ்வளவு வாங்கினாய் என்றுதான் வருகிறது. ஒரு பழைய பாட்டு பிடிக்கும் என்றால், அந்த இசையமைப்பாளரின் எதிரணிக்கு நீங்கள் துரோகி. படம் சுமார் என்றால், மற்ற நடிகரின் ரசிகர் என்று முத்திரை.

இந்த மோப்பம் சட்டத்தின் கையில் கிடைத்தபோது என்ன ஆனது என்பதையும் பார்த்துவிட்டோம். 2012 நவம்பரில், மும்பையை அடுத்த பால்கரில், ஒரு தலைவரின் மறைவுக்காக நகரம் ஏன் முடங்க வேண்டும் என்று முகநூலில் கேட்ட இளம்பெண் கைதானார். அதற்கு லைக் போட்ட தோழியும் கைதானார். அவர்கள்மீது பாய்ந்தவற்றில் ஒன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. விவாதிப்பது வேறு, ஒன்றை ஆதரித்துப் பேசுவது வேறு, வன்முறைக்குத் தூண்டுவது வேறு. முதல் இரண்டும் எவ்வளவு கசந்தாலும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்று பிரித்துச் சொன்னது.

நீதிமன்றம் பிரித்ததை நாம் பிரிக்கவில்லை. நமக்கு எல்லாமே தூண்டுதல்தான். சாம்பார்கூட.

வாயை மூடிக்கொண்டவர்கள்

இதன் விலை என்ன? நான் பேசியவர்களில் பலர் எழுதுவதைக் குறைத்துவிட்டார்கள். ஒருவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் போடுகிறார். அதையும் அலுவலகத்து ஆட்களுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் தெரியாமல் மறைத்துவைக்கிறார். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் சாப்பாட்டுப் படம் போடுவதையே விட்டுவிட்டார். தட்டில் கருவாடு இருந்தால் ஒரு பேச்சு, தயிர்சாதம் இருந்தால் ஒரு பேச்சு. “இப்ப பூனைப் படம் மட்டும்தான் போடுறேன். பூனைக்கு என்ன சாதின்னு இன்னும் யாரும் கேக்கல” என்கிறார்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்புகளில் ‘அரசியல், மதம் பேசக் கூடாது’ என்று விதி எழுதிப்போடுகிறார்கள். டீக்கடைப் பலகையை மீறிப் பேசியவர்களின் பேரப்பிள்ளைகள், இந்த விதிக்கு ஒழுங்காகக் கட்டுப்பட்டு குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அமைதி நிலவுகிறது என்று நிர்வாகிகளுக்குப் பெருமை. சித்தப்பாவுக்கும் மருமகனுக்கும் நடுவே நடந்திருக்க வேண்டிய ஒரு நல்ல வாக்குவாதம் செத்துப்போனது யாருக்கும் உறைப்பதில்லை.

சாதாரண மனிதர்கள் ஒதுங்கிக்கொண்டால் களத்தில் மிச்சமிருப்பவர்கள் இரண்டே வகை. காசு வாங்கிக்கொண்டு கருத்துச் சொல்பவர்கள் ஒன்று. விளம்பரம் என்றால் விளம்பரம் என்று தெரியும்படி சொல்ல வேண்டும் என 2021இலேயே விளம்பரத் துறை தனக்குத் தானே நெறிமுறை வகுத்துக்கொண்டது. ஆனால் ‘ப்பா... வேற லெவல்’ என்று கண்ணை மூடித் திறக்கும் ரீல்ஸ்களில் அந்தச் சின்ன எழுத்தை நீங்களே தேடிப் பாருங்கள். இன்னொரு வகை, எது சொன்னாலும் உறைக்காத தோல் கொண்டவர்கள். இந்த இருவருக்கும் நடுவில், ‘உப்பு ஒரு கல் கூடப் போச்சு, மத்தபடி நல்லாருந்துச்சு’ என்று சொல்லக்கூடிய ஆள்தான் ஒரு சமூகத்துக்குத் தேவை. சாப்பாட்டுக்கும் அவர் தேவை, ஆட்சிக்கும் அவர்தான் தேவை. அவரைத்தான் நாம் விரட்டிக்கொண்டிருக்கிறோம்.

வெறுப்புப் பேச்சையும் மிரட்டலையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அதற்குப் புகார் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. நான் சொல்வது பிடித்தது, பிடிக்காதது என்கிற அளவில் இருக்கும் அன்றாடக் கருத்துகளை.

ஆகவே வாசகர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். யாரோ ஒருவர் எழுதியதைப் படித்துக் கை துறுதுறுக்கும்போது, அவருடைய பெயரைத் தட்டி உள்ளே போய்ப் படங்களைத் துழாவாதீர்கள். எழுதியதைப் படியுங்கள், எழுதியதற்குப் பதில் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் கடந்து போங்கள். அடுத்தவரின் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் பேசுவதைக் கேட்பேன் என்றால், நாளைக்கு நம்மிடம் பேச யாரும் இருக்க மாட்டார்கள்.