கலை பயிலும் பருவம் – 9: விழா இல்லாத நாளில் ஒரு வகுப்பு

மன்னார்த் தீவிலே வாழும் ஒரு தாய் தன் ஐந்து வயதுப் பெண்ணை நடனத்துக்கு விட நினைக்கும்போது, கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறவளைப் போலப் பல பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தெரிந்துகொள்ளும் வசதி அவளுக்கு இல்லை. பட்டினத்தில் நடைபெறும் வகுப்புகள் சிலவே. பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் வருவோர்க்குப் பஸ் பிரயாணமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே கிடைத்த இடத்தில் சேர்த்துவிட்டு, கிடைத்ததே பாக்கியம் என்று அமைதி கொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது. அந்த அமைதி எனக்கு உடன்பாடன்று. இருப்பது ஒரே வகுப்பானாலும், இப்பொழுதே சேர்ப்பதா, இரண்டு ஆண்டு பொறுப்பதா, சேர்க்குமுன் எதைக் கேட்பது, எதைக் கண்டால் பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்வது என்பன யாவும் பெற்றோர் கையிலேதான் இருக்கின்றன.

பெரும்பாலோர் ஒரு பள்ளியை மேடையிலே வைத்து மதிப்பிடுகிறார்கள். பரிசளிப்பு விழாவிலோ திருவிழாவிலோ பட்டுடுத்தி, தலைச்சாமான் பூண்டு, சிறுமியர் ஒரே வரிசையில் நின்று ஆடுகிற காட்சி கண்ணுக்கு இனியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரே பாட்டை மாதக்கணக்கில் பழக்கினால் ஏறக்குறைய எந்தப் பிள்ளையும் அந்த அளவுக்கு ஆடிவிடும் என்பதையும், அந்த மாதங்களில் அடிப்படை அசைவுகளாகிய அடவுகளின் பயிற்சி அடியோடு நின்றுபோயிருக்கக்கூடும் என்பதையும் மேடை நமக்குக் காட்டுவதில்லை. பள்ளியை உள்ளபடி அறிய விரும்புவோர் விழா எதுவும் அண்மையில் இல்லாத ஒரு சாதாரண நாளில் சென்று, ஒரு மூலையில் அமர்ந்து, வகுப்பு தொடங்கி முடியும்வரை பார்த்திருக்க வேண்டும். பெற்றோர் உள்ளே இருக்கலாகாது என்று கதவைச் சாத்துகிற இடத்தில், குருவின் கீர்த்தி எவ்வளவு பெரிதாயினும், சிறு பிள்ளையை விடுவது தகாது.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது கால். பரதத்தின் அடிப்படை நிலையாகிய அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் விரிகின்றன. அந்த விரிவு இடுப்பு மூட்டிலிருந்து பிறக்க வேண்டுமேயன்றி முழங்காலை முறுக்கிப் பெறலாகாது. பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பாக இருக்கிற முழங்காற்சில்லு 3 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையிலேதான் எலும்பாக மாறத் தொடங்குகிறது என்பதை நினைவில் வைத்தால், நான்கு வயதுக் குழந்தையைச் சீமெந்துத் தரையில் அரைமண்டியில் இருத்தித் தட்டடவை மூன்றாங்கால வேகத்தில் தட்டச் சொல்வது எத்தகைய அவசரம் என்பது விளங்கும். நல்ல ஆசிரியர் அவ்வயதில் கைதட்டித் தாளம் போடவும், சொற்கட்டை வாயாற் சொல்லவும், கதைக்கேற்பக் கண்ணையும் கையையும் அசைக்கவும் பழக்குவார். ஏழு வயதளவில் அடவைத் தொடங்கி, தட்டடவிலும் நாட்டடவிலும் மாதக்கணக்காக நிறுத்திவைத்து, முதற்காலத்தில் கால் சுத்தமாக விழுந்த பிறகே வேகத்தைக் கூட்டுவார். தட்டுக்கழியைத் தம் கையாலேயே தட்டி, களைத்துப்போன ஒரு பிள்ளைக்காகத் தாளத்தையே சற்றுத் தளர்த்தித் தருகிறவரைக் கண்டால், கைத்தொலைபேசியில் பாட்டை ஓடவிட்டு எதிரே அமர்ந்திருப்பவரைத் தேடிப் போக வேண்டிய தேவை இல்லை. அந்தக் கழி பலகையில் விழாமல் பிள்ளையின் காலில் விழுமாயின், அன்றே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

இளமையிலே தொடங்காவிட்டால் எதுவும் வராது என்ற அச்சத்தினாலேயே பலர் இந்த அவசரத்துக்கு இணங்குகிறார்கள். பாலசரஸ்வதி 4 வயதில் கந்தப்பப் பிள்ளையிடம் பயிலத் தொடங்கி, 1925 ஆம் ஆண்டில் 7 வயதிலே காஞ்சிபுரத்தில் அரங்கேறினார் என்பது மெய்யே. ஆனால் அவர் வீணை தனம்மாளின் பேத்தி, சங்கீதமும் அபிநயமும் தலைமுறை தலைமுறையாகப் பயின்று வந்த குடும்பத்தில் பிறந்தவர். 1904 இல் பிறந்த ருக்மிணி தேவியோ முப்பது வயதை அணுகும் தறுவாயிலேதான் பரதம் கற்கப் புகுந்தார். 1935 இல் அடையாற்றில் மேடையேறி, மறு ஆண்டிலே கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். இரண்டு ஆண்டு பொறுத்திருப்பதனால் ஒரு குழந்தை இழப்பது சொற்பம்.

ஒரு வகுப்பின் தரத்தை மதிப்பிடும் விஷயத்தில் மன்னார் மக்கள் தம் ஆற்றலைத் தாமே குறைத்து எண்ணுகிறார்கள் என்பது என் துணிபு. பயிற்சி என்றால் என்ன என்பது கூத்து வளர்த்த இந்தக் கரைக்குப் புதிதன்று. வடபாங்கு, தென்பாங்கு என இரு வழியாகப் பாடப்பட்டு வந்த கத்தோலிக்க நாடகங்களை இங்குள்ள புலவர்கள் இயற்றினார்கள். அவற்றுள் மூவிராசாக்கள் நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966 இல் பதிப்பித்து அச்சேற்றினார். கடலுக்குப் போய்வந்த இளைஞர்களை இரவிலே கூட்டிவைத்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டைப் படித்துக் கொடுத்து, தாளம் பிசகிய இடத்தில் நிறுத்தி, அந்த அடியையே மறுபடியும் மறுபடியும் பாடவைத்து, உடுப்பைப் பற்றிய பேச்சையே கடைசி நாட்களுக்கு ஒதுக்கிவைக்கிற கூத்து ஆசானாகிய அண்ணாவியாரின் முறையை அறிந்த குடும்பத்தினருக்கு, ஒரு நடன ஆசிரியையின் வகுப்பில் நடப்பது கல்வியா, விழாவுக்கு ஆயத்தமா என்பதைக் கண்டுகொள்ளப் பிறர் உதவி வேண்டியதில்லை. பேரப்பிள்ளையை வகுப்புக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை, மத்தளம் கேட்டு வளர்ந்த பாட்டனாரிடம் ஒருநாள் ஒப்படைத்துப் பாருங்கள். அடவின் பெயர் அவருக்குத் தெரியாதிருக்கலாம், தாளம் தப்பியும் திருத்தப்படாமற் போனதை அவர் காது விடாது. கூத்துப் பாடும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை தாளக் கட்டுப்பாட்டைப் பாதி கற்றுக்கொண்டே வருகிறது. அதை நாட்டார் பழக்கம் என்று இகழாமல், அந்தச் செவியின்மேலேயே பரதத்தைக் கட்டியெழுப்ப அறிந்த ஆசிரியர் கிடைப்பாராயின், அவரிடம் விடுவதற்குத் தயங்க வேண்டாம்.

கத்தோலிக்கக் குடும்பங்கள் மிகுந்த இந்தத் தீவிலே, நடராசர் படத்துக்கு முன் வணங்கித் தொடங்கும் வகுப்பைக் குறித்துப் பெற்றோர் மனத்தில் எழுகிற கேள்வியைச் சிறியதென்று தள்ளுவது முறையன்று. நீ. மரியசேவியர் அடிகள் 1965 இல் நிறுவிய திருமறைக் கலாமன்றமும், 1977 முதல் திருச்சிராப்பள்ளியில் இயங்கிவரும் கலைக்காவிரியும் கிறிஸ்தவப் பொருளைத் தமிழ்க் கலைகளில் அமைத்துக் காட்டியிருக்கின்றன. எனவே பரதத்துக்கும் கத்தோலிக்கக் கோவிலுக்கும் இடையே மதில் எழுப்ப வேண்டியதில்லை. கந்தன்மீதும் கண்ணன்மீதும் அமைந்த பதங்களைப் பிள்ளை கற்பது அதன் விசுவாசத்தைக் குலைக்கும் என்று நான் கருதவில்லை. எனினும் அந்தக் கேள்வியைச் சேர்க்கும் நாளிலேயே ஆசிரியையிடம் நேராகக் கேட்டுவிட வேண்டும்; முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறாரா என்பதிலேயே அவர் பண்பு தெரிந்துவிடும்.

பரீட்சைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளும் அவற்றின் உச்சியிலுள்ள கலாவித்தகர் பட்டமும் மதிப்புடையவை. பாடசாலையில் 6 ஆம் தரத்திலிருந்து நடனத்தை அழகியற் பாடமாக எடுக்கலாம். 1960 இல் மருதனார்மடத்தில் தோன்றி, 1975 இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் வழியே பட்டம்வரைக்கும் பாதை இருக்கிறது. இவையெல்லாம் பதினொரு வயதுக்கு மேற்பட்ட கவலைகள். ஐந்து வயதுக் குழந்தையைச் சேர்க்கும்போது, எத்தனை ஆண்டில் எத்தனை தரம் முடிப்பீர்கள் என்று கேட்கும் பெற்றோர் அவசரக்கார ஆசிரியரையே தேடிப் பிடிப்பார்கள்.

கட்டணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதற்கு நம்மவர் கூசுகிறார்கள். கடற்றொழிலை நம்பிய வீட்டில் வருமானம் சோளகத்துக்கும் வாடைக்கும் ஏற்ப ஏறி இறங்கும். வலை வெறுமையாக வருகிற மாதத்திலும் வகுப்புக்குக் காசு கட்ட வேண்டியிருக்கும். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி புதிய உடுப்பு வேண்டும் என்று கேட்கிற பள்ளியானால் சுமை இரட்டிக்கும். சதங்கை பூசைக்கும் அரங்கேற்றத்துக்கும் வழக்கமாக எவ்வளவு செலவாகிறது, ஒரே உடுப்பைப் பிள்ளைகள் மாறி மாறி அணிய இடமுண்டா, தொழில் இல்லாத மாதத்துக் கட்டணத்தைப் பின்னர் சேர்த்துக் கொடுக்கலாமா என்பவற்றைத் தொடக்கத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பாக்கி விழுகிற மாதத்தில் அதைத் தாயிடம் தனியே சொல்ல வேண்டுமென்றும், மற்றப் பிள்ளைகள் கேட்கும்படி வகுப்பில் சொல்லலாகாதென்றும் ஆசிரியையிடம் முன்னரே வேண்டிக்கொள்ளுங்கள்.