தலைக்குள்ள வெளிச்சம் அடிச்சுப் பார்க்கலாமா?

முதல்ல ஒரு சின்ன வேலை. ரூம் லைட்டை அணைச்சிட்டு, போன் டார்ச் மேல விரலை வைங்க. விரல் சிவப்பா ஒளிரும். தோல், சதை, ரத்தம் எல்லாத்தையும் தாண்டி வெளிச்சம் வெளியே வருது. அகச்சிவப்பை ஒட்டின வெளிச்சம் இதே மாதிரி மண்டையோட்டையும் தாண்டிப் போகும்னு 1977-ல் ஃபிரான்ஸ் யோப்சிஸ் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்னைக்கு நாம பேசப்போற எஃப்நிர்ஸ்.

இது பார்க்க ஒரு தொப்பி மாதிரி இருக்கும். அதில் சில புள்ளிகள் வெளிச்சத்தை உள்ளே அனுப்பும். சுமார் 3 செ.மீ. தள்ளி இருக்கிற சென்சார்கள், திரும்பி வர்ற வெளிச்சத்தை அளக்கும். மூளையில் ஒரு பகுதி வேலை செஞ்சா அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடும். ஆக்சிஜன் இருக்கிற ஹீமோகுளோபினும் இல்லாததும் வெளிச்சத்தை வேறு வேறு அளவில் உறிஞ்சும். அதனால ரெண்டு அலைநீளத்தில் அளந்தா, எது கூடுச்சு, எது குறைஞ்சுதுன்னு கணக்குப் போட்டுடலாம். கோவிட் சமயத்தில் விரலில் மாட்டினோமே, அந்த ஆக்சிமீட்டரும் இதே அடிப்படையில்தான் வேலை செய்யுது.

இதுக்கு வரம்பும் உண்டு. மூளையின் மேற்பரப்பு மட்டும்தான் தெரியும். ஆழமான பகுதிகளைப் பார்க்க எம்ஆர்ஐ வேணும். ஆனா எம்ஆர்ஐ-க்குள் அசையாம படுக்கணும். ஆறு மாசக் குழந்தைகிட்ட "அசையாதே"ன்னு சொல்ல முடியுமா? இந்தத் தொப்பியைப் போட்டுக்கிட்டு அம்மா மடியிலேயே உட்காரலாம். பெரிய கட்டடமும் தேவையில்லை.

அதனாலதான் பிரிட்டன் ஆராய்ச்சியாளர்கள் இதை மேற்கு ஆப்பிரிக்காவில், காம்பியாவின் கெனெபா கிராமத்துக்கே கொண்டுபோனாங்க. 'பிரைட்' என்ற அந்தத் திட்டத்தில், கெனெபா குழந்தைகளையும் கேம்பிரிட்ஜ் குழந்தைகளையும் முதல் ரெண்டு வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க.

கேட்க நல்லா இருக்கு இல்லையா? சிக்கல் இங்கேதான். மெலனினும் வெளிச்சத்தை உறிஞ்சும். அடர்த்தியான கறுப்பு முடி, கறுத்த தோல் இருந்தா சிக்னல் குறையும். அப்புறம் சாஃப்ட்வேர் என்ன பண்ணும்? "சிக்னல் இந்த அளவுக்குக் கீழே போனா தூக்கிடு". நானே இந்த மாதிரி கோடு எவ்வளவோ எழுதியிருக்கேன். பார்க்க நடுநிலையான ஒரு வரிதான். ஆனா அது தூக்கி எறியறது டேட்டாவை மட்டும் இல்ல, ஆட்களை. யாரை ஆராய்ச்சிக்குள் கொண்டுவரணும்னு கருவியைத் தூக்கிட்டுப் போனாங்களோ, அவங்களே மறுபடி கணக்கிலிருந்து விழுந்துடலாம்.

தீர்வு ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்ல. முடியை வகிடு பிரிச்சு தொப்பியைப் பொருத்தணும், அதுக்கு நேரம் ஒதுக்கணும். முக்கியமா, எத்தனை பேரை நீக்கினோம், அவங்க முடி, தோல் எப்படின்னு ஆய்வறிக்கையில் எழுதணும். இனிமே "மனித மூளை இப்படித்தான்"னு ஒரு செய்தி படிச்சா, யாரோட மூளைன்னு ஒரு தடவை கேளுங்க.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்!